சங்குத்திட்டில் கல்லறை எதுவும் இல்லை

மெய்காட்டி மேசைக்கு வந்த பிறகு பொய் சொல்லும் தொழில் ஒழிந்துவிடும் என்று அறிஞர் பலர் எழுதினார்கள். அது ஒழியவில்லை, உண்மை தயாரிக்கும் தொழிலாக உயர்ந்தது. அத்தொழிலில் நான் பதினோர் ஆண்டுகள் பணியாற்றினேன்.

மெய்காட்டி என்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி. இரு நாட்டார் பேசும் மேசையின் நடுவே அதனை வைப்பர். பேசுபவர் தாம் சொல்வதைத் தாமே நம்பினால் பச்சை விளக்கு எரியும், நம்பாவிட்டால் மஞ்சள். பச்சை விளக்கின் கீழ்ச் சொல்லப்பட்டவை சான்றாகக் குறிப்பேட்டில் ஏற்றப்படும் என்பது எங்கள் நாடும் எதிர்க்கரை நாடும் கையெழுத்திட்ட உடன்படிக்கை. ஆதலால் வெளிநாடு செல்லும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை எல்லைக் கேள்விகளுக்கு வெறும் மனப்பாடத்தால் ஆயத்தம் செய்வது பயனற்றுப் போயிற்று. விடையை அவர்கள் நம்பவேண்டியிருந்தது. நம்ப வைப்பது எங்கள் பயண ஆயத்தப் பிரிவின் கடமை.

என் பெயர் விட்டல் கேல்கர். தாய்மொழி மராத்தி. தமிழை முப்பத்தேழாம் வயதில் இலக்கணத்திலிருந்து தொடங்கிக் கற்றேன். தமிழ் உறுப்பினர்களுக்கான விடைகளை எழுதும் பொறுப்பு, பிறப்பால் தமிழரான மூவரைத் தாண்டி எனக்கு வந்தது. இதனை நான் பெருமையாகவே கருதினேன்.

அமலோற்பவம் கொரேரா மணற்குடித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஐம்பத்து மூன்று வயது, கடலோரத்தவர். சங்குத்திட்டுப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் குழுவில் அவர் பெயர் இறுதியாகச் சேர்க்கப்பட்டது. சங்குத்திட்டு, இரு கரைக்கும் நடுவே கடலில் கிடக்கும் மணல் மேடு. அரை மணி நேரத்தில் அதனைச் சுற்றி நடந்துவிடலாம். இரு நாடுகளும் அது தமக்கே முழுவதும் உரியது என்று அறுபது ஆண்டுகளாகக் கூறிவருகின்றன.

முதல் நாள் காலை அறைக்குள் வந்தவர், நாற்காலியின் மேல் தொங்கிய கவசத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், தலைமுடி காய வைக்கப் போறீயளா? பியூட்டி பார்லர் மாதிரி இருக்கு."

"அஞ்ச வேண்டாம், அம்மா."

"அஞ்சவா? மூணு எலெக்சன் ஜெயிச்சவ சார் நான். நீங்க ஏன் இப்படிப் புஸ்தகம் மாதிரி பேசுதீய?"

"புத்தகத்தில் கற்றேன், அம்மா."

"அதான பாத்தேன். சரி, என்ன செய்வீய, சொல்லுங்க."

நான் வழக்கமாகக் கூறும் விளக்கத்தைத் தொடங்கினேன். "எலுமிச்சைக் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்..."

"எங்க ஊரு உப்புத் தண்ணிக்கு எலுமிச்ச எங்க வருது? பரவால்ல, மேல சொல்லுங்க."

"சங்குத்திட்டைப் பற்றி உங்கள் மனத்தில் உறுதியான ஒரு நினைவு இருக்கும். அது தாய்க்கிளை. அரசு ஏற்ற விடையை அதனோடு பிணைத்துப் பதியமிடுவோம். யார் கேட்டாலும் அந்த விடையே உங்கள் சொந்த நம்பிக்கையாக எழும். பத்து நாளில் நாடு திரும்பியதும் பிரித்துவிடுவோம்."

"அப்ப அந்தப் பழைய நெனப்பு?"

"மூடியிருக்கும். பிரித்ததும் முன்போல் வரும்."

"பத்து நாளைக்கு எனக்கு அது தெரியாது."

"தெரியாது."

அவர் சற்று நேரம் தம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பின்னர், "அப்ப பத்து நாள் தூங்கலாம்னு சொல்லுங்க" என்றார்.

நான் சிரித்தேன். அதனை நகைச்சுவை என்று கொண்டேன்.

"என்ன விடைன்னு முன்னாலயே சொல்லுவீயளா?"

"விதி இடங்கொடாது. முன்பே அறிந்தால் மனம் அதனை எதிர்த்து நிற்கும்."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்ல சார். திட்டு யாருதுன்னு எந்தப் பதிலு வேணாலும் வச்சுக்கிடுங்க. நான் போறது வேற காரியத்துக்கு. எங்க சனங்க வருசத்துல ஒரு நாள் அந்தத் திட்டுக்குப் போவாக. ரெண்டு வருசமா அவுக நேவி விட மாட்டேங்குது. ஒரே ஒரு நாள், பொம்பளையள மட்டுமாவது விடுங்கன்னு அந்தக் கரைக்காரவகக்கிட்ட நேர்ல கேக்கணும். மூஞ்சியப் பாத்துக் கேட்டா குடுப்பாக. அதக் கேக்கலாமில்ல?"

"கேட்கலாம். அது வேறு பொருள்."

"சத்தியமா?"

"பதியம் அதனைத் தொடாது, அம்மா."

இவ்வாறு நான் உறுதி கூறினேன். அப்பொழுது மெய்காட்டி இருந்திருந்தால் பச்சை விளக்கே எரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் தாய்க்கிளையைத் தெரிவு செய்தோம். இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. தன் குடும்பத்தில் நிகழ்ந்த இறப்பின் நினைவைத் தாய்க்கிளையாகக் கொள்ளலாகாது. அத்தகைய நினைவின் வேர்கள் மனம் முழுவதும் ஓடுகின்றன. அதன்மேல் இட்ட பதியம் எங்கும் படரும், பின் பிரியாது. இதன் பொருட்டு ஒவ்வோர் உறுப்பினரின் குடும்பப் பதிவையும் முன்கூட்டியே பெற்றுச் சரிபார்ப்போம். கொரேரா அம்மையாரின் பதிவு தெளிவாக இருந்தது. கணவர் இன்னாசிமுத்து, உயிருடன் உள்ளார். மகள்கள் இருவர், மகன் ஒருவன். மூவரும் உயிருடன் உள்ளனர். பெற்றோர் நெடுங்காலத்துக்கு முன்பு மருத்துவமனையில் காலமாயினர்.

"திட்டைப் பற்றி உங்களுக்கு மிக உறுதியாக நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்றேன்.

"போன வருசம் வள்ளத்துல போனோம். பதினேழு பேரு. நேவிக் கப்பலு குறுக்க வந்து நூறு பாகம் தூரம் தள்ளி நிறுத்திட்டு. அங்கேருந்து பாத்தேன். மேட்டுல கம்பு நட்டிருந்துச்சு. அதுல ஊதாத் துணி ஆடிக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்தேன். திருப்பிட்டாக."

"எதற்கான கம்பு?"

"கடல்ல போன ஆள யாரு கண்டாலும், எந்தக் கரைக்காரன் கண்டாலும், அந்தத் திட்டுலதான் அடக்குவாக. கண்டவன் தன் துணியக் கிழிச்சுக் கம்புல கட்டணும். அது ஒரு வழக்கம்."

"அந்தக் கம்பு யாருடையது?"

"எங்க ஆளு ஒருத்தர். கடல்ல வள்ளத்துக்கு வள்ளம் சேதி வந்துச்சு."

"பெயர்?"

"பேரு சொல்லக்கூடாது சார். பெத்தவ வந்து கம்பத் தொடுற வரைக்கும் கரையில பேரும் சொல்ல மாட்டோம், உறவும் சொல்ல மாட்டோம். அவரு இன்னும் கடல்லதான் நிக்காருன்னு வச்சுக்கிடுவோம். பெத்தவ தொட்டாத்தான் கரையேறுவாரு. அப்புறந்தான் கோயில்ல மணி, பூசை, எழுத்து எல்லாம்."

அவர் குரலில் நடுக்கம் இல்லை. வாக்குச் சேகரிக்கும் கூட்டத்தில் தொகுதியின் குறையைக் கூறுபவர்போல் கூறினார். 'எழுத்து' என்று அவர் குறித்தது இறப்புப் பதிவையும் சேர்த்தே என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கம்பைத் தொடாத குடும்பம் இறப்பைப் பதிவு செய்யாது. பதிவு செய்யாத மகன் அரசின் ஏட்டில் உயிருடன் இருப்பான். நான் ஏட்டை நம்பினேன். எங்களைப் போன்றவர்கள் ஏட்டைத்தான் நம்புவோம். 'தாய்க்கிளை ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அன்று பிற்பகல் சட்ட ஆலோசகர் பத்மாசனி வந்தார். விடையில் கல்லறைகளையும் மறுக்கவேண்டும் என்றார்.

"நம் மக்களின் கல்லறை அங்கே இருந்தால் அது நம் உரிமைக்குச் சான்றாகாதா?" என்று கேட்டேன்.

"யார் தோண்டினாங்கன்னு அடுத்த கேள்வி வரும், கேல்கர். நம்ம ஆளுங்களுக்கு அவங்க தோண்டியிருக்காங்க, அவங்க ஆளுங்களுக்கு நம்ம தோண்டியிருக்கோம். ஒரு குழிய ஒத்துக்கிட்டா அது பொது நிலம்னு ஆயிடும். பொது நிலத்த முழுசா எப்படிக் கேக்கறது? அவங்க அரசாங்கமும் இதையேதான் மறுக்கப் போகுது. கல்லறை விசயத்துல மட்டும் ரெண்டு நாடும் ஒத்துமையா இருக்கோம்."

"உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு நாள் அனுமதி கேட்க விரும்புகிறார்."

"கேக்கட்டுமே. டீ குடிக்கறப்ப கேக்கட்டும்."

அன்று மாலை வரை அமர்ந்து அந்த விடையை அமைத்தேன். அதனை முழுமையாக இங்கே தருகிறேன்: 'சங்குத்திட்டு முழுவதும் எம் நாட்டுக்கு உரியது, அங்கு எவருடைய கல்லறையும் இல்லை, எவரும் எவருக்காகவும் அங்கு மண் தோண்டியதில்லை.' முதல் வரைவில் 'நாங்கள் இதுவரை அறிந்தவரையில்' என்றொரு தொடர் இருந்தது. பத்மாசனி அதனை நீக்கச் சொல்லவில்லை. நானே நீக்கினேன். அது வாக்கியத்தின் நடையைத் தளர்த்தியது. எழுதி முடித்தபின் இருமுறை உரக்கப் படித்துப் பார்த்தேன். மிக நன்றாக இருந்தது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பதியமிட்டோம். ஐந்தாம் நாள் புறப்பட்டோம்.

எதிர்க்கரைத் தலைநகரில், கடலைப் பார்த்த விடுதி ஒன்றின் மண்டபத்தில் பேச்சு நடைபெற்றது. முற்பகல் அமர்வில் எவரும் எதிர்பாராத எதையும் சொல்லவில்லை. தேநீர் இடைவேளையில் கொரேரா அம்மையாரை அணுகினேன். அவர் முகம் தெளிந்திருந்தது. கண்களுக்குக் கீழே இருந்த கருமை மறைந்திருந்தது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ஒரு நாள் அனுமதி... இப்பொழுது கேட்கலாம்."

"எந்த ஒரு நாள்?"

"திட்டுக்குச் செல்ல. உங்கள் மக்கள்."

"அங்க போயி என்ன சார் செய்ய? வெறும் மணலு." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஒடம்புக்கு என்ன செய்யுது? வேர்த்துக் கொட்டுதே. ஒக்காருங்க சார்."

பதியம் விடையோடு நிற்கும், பக்கத்தில் படராது. பதினோர் ஆண்டுகளில் ஒருமுறைகூடப் படர்ந்ததில்லை. எதன்மேல் இட்டிருந்தால் படரும் என்று எனக்குத் தெரியும். எனினும் அந்த எண்ணத்தை முழுமையாக எண்ணி முடிக்கும் முன் மணி அடித்துவிட்டது.

எதிர்க்கரைக் குழுவில் மரியதாசன் குரூஸ் என்றொரு முதியவர் இருந்தார். எழுபது வயதிருக்கும், முன்னாளில் கடல் தொழில் செய்தவர், எங்கள் உறுப்பினர் பேசும் அதே தமிழை வேறு சாயலில் பேசுபவர். அவர் முறை வந்தபோது கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதித் தந்ததை நான் வாசிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தம் குழுவினரிடம் கூறிவிட்டு எங்கள் உறுப்பினரை நோக்கினார். "தங்கச்சி, உம்மோடதான் கதைக்கிறன். ரெண்டு வருசத்துக்கு முதல், ஆடி மாசம், நானும் என்ர மகனும் திட்டடியில ஒரு பொடியனை எடுத்தனாங்கள். உங்கட கரைப் பிள்ளை. இருபத்திரண்டு இருபத்துமூண்டு வயசிருக்கும். நாங்கள்தான் திட்டில குழி வெட்டித் தாட்டனாங்கள். உடுத்திருந்த என்ர சாரத்தைக் கிழிச்சுத்தான் கம்பில கட்டினது. ஊதாச் சாரம்."

மெய்காட்டியில் பச்சை எரிந்தது. அவர் குழுவின் தலைவர் எழுந்து, பின் அமர்ந்தார். பச்சை எரியும்போது இடைமறிப்பதை உடன்படிக்கை தடுக்கிறது.

குரூஸ் ஒரு கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அதில் பழுப்பு நிற உத்தரியம் ஒன்று இருந்தது. கத்தோலிக்கர் கழுத்தில் அணியும் கயிறு கோத்த சிறு துணிச் சதுரம். உப்பேறி விறைத்திருந்தது.

"இது அவன்ர கழுத்தில கிடந்தது. ரெண்டு வருசமா வச்சிருக்கிறன். தாயைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி. கடற்படையோட நான் கதைக்கிறன். ஒரு நாள் என்ன, மூண்டு நாள் தாறம். வந்து கம்பைத் தொட்டிட்டுப் போகட்டும். அவனைக் கரையேத்துவம்."

எங்கள் உறுப்பினர் கேட்க வந்தது, கேட்காமலேயே, கேட்டதற்கு மூன்று மடங்காக மேசைமேல் இருந்தது. ஓர் ஆம் போதும்.

கொரேரா அம்மையார் நிமிர்ந்து அமர்ந்து, மேடைகளில் பழகிய தம் தெளிந்த குரலில் கூறினார்: "சங்குத்திட்டு முழுவதும் எம் நாட்டுக்கு உரியது. அங்கு எவருடைய கல்லறையும் இல்லை. எவரும் எவருக்காகவும் அங்கு மண் தோண்டியதில்லை."

பச்சை.

பின்னர் இரு விரல்களால் அந்தக் கைக்குட்டையை மெல்லத் திருப்பித் தள்ளினார். இதை நான் எழுதித் தரவில்லை. "இது எங்க பிள்ளையளுது இல்ல அண்ணாச்சி. யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிருக்காக" என்றார். அவர் குரலில் பரிவு இருந்தது.

பச்சை.

குரூஸ் விளக்கையே நெடுநேரம் பார்த்தார். "அப்ப நான் தாட்டது ஆரை?" என்றார்.

இரு தலைவர்களும் தனியே கூடினார்கள். இறந்தவனின் நாட்டு உறுப்பினரே பச்சை விளக்கின் கீழ் மறுத்துவிட்டமையால் கல்லறை உண்டென்ற கூற்று கைவிடப்பட்டது. கூட்டு நில அளவைக்காகத் திட்டின் மேற்பரப்பைச் சமன் செய்ய இரு தரப்பும் இசைந்தன. அறுபது ஆண்டுகளில் எட்டப்பட்ட முதல் உடன்பாடு அது; ஆதலால் கைதட்டினார்கள். குறிப்பேட்டில் கம்புகள் 'உரியவர் அற்ற மரத்துண்டுகள்' எனப் பதிவாயின.

வெளியே வரும்போது குரூஸ் என் முழங்கையைப் பற்றினார்.

"தம்பி, நீரோ அவவுக்குப் படிப்பிச்சது?"

நான் தலையசைத்தேன்.

"அவ பொய் சொல்லேல்லை. நான் முகத்தைப் பாத்தனான். அதுதான் பயமாக் கிடக்கு." கைக்குட்டையை என் கையில் வைத்தார். "பேர் பின்னால கிடக்கு, நான் சொல்லப்படாது. ஆரும் கேட்டால் குடும்."

என் அறைக்குச் சென்று உத்தரியத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் நீல நூலால் ஒரு பெயர் தைக்கப்பட்டிருந்தது. அதன் கடைசிச் சொல் கொரேரா. குடும்பப் பதிவில் மகனின் பெயர் அதுவே.

நாடு திரும்பிய மூன்றாம் நாள், பதியம் பிரிக்கும் நாளன்று, அம்மையார் கணவருடன் வந்தார். இன்னாசிமுத்து மெலிந்த மனிதர். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார். முந்தைய இரு நாளும் நான் கருவியில் எல்லா வழிகளையும் சோதித்திருந்தேன். பிரிக்க இயலாது. அறுக்கலாம், அறுத்தால் பதியத்தோடு தாய்க்கிளையும், அது வேரோடிய இருபத்திரண்டு ஆண்டுகளும் போய்விடும். மகன் பிறந்ததும் அவருக்குத் தெரியாமற் போகும். விட்டுவிட்டால் மகன் இறந்தது தெரியாது. முடிவு பதியமிடப்பட்டவருடையது என்று சட்டம் கூறுகிறது.

"அம்மா, சங்குத்திட்டைப் பற்றி ஒன்று உங்களிடம் கூறவேண்டும்" என்று தொடங்கினேன். "உங்கள் மகன்..."

"அவனுக்கென்ன? கப்பல்ல இருக்கான்." தொடர்ந்து மகனின் பெயரை இயல்பாகச் சொன்னார். "லீவு குடுக்க மாட்டேங்கான் கம்பெனிக்காரன். ரெண்டு வருசம் ஆச்சு. அவன் சட்டையெல்லாம் பூஞ்ச புடிச்சுக் கெடந்துச்சு, முந்தாநாள்தான் தொவச்சுப் போட்டேன்."

மனம் வெற்றிடம் பொறுக்காது. ஏதேனும் ஒன்றை வைத்து நிரப்பிக்கொள்ளும். இன்னாசிமுத்து எழுந்து வெளியே சென்றார்.

"பதியத்தைப் பிரிப்பது குறித்து..."

"பிரிக்க என்ன இருக்கு சார்? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன், தாங்க." கையெழுத்திட்டார். அழகிய கையெழுத்து.

தாழ்வாரத்தில் இன்னாசிமுத்து சன்னலைப் பார்த்து நின்றார். நான் அனைத்தையும் கூறினேன். அவர் திரும்பவில்லை.

"அவ ரெண்டு வருசமாத் தூங்கல சார். இப்பத் தூங்குதா. குறட்ட விடுதா."

"வழக்குத் தொடுக்கலாம். நானே சாட்சி கூறுவேன்."

"யாரு மேல?" பின்னர், "கம்பு?" என்று கேட்டார்.

"நேற்று சமன் செய்துவிட்டார்கள்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். உத்தரியத்தை நீட்டினேன். பெயர் தைத்த பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார், வாங்கிக்கொள்ளவில்லை.

"இத வீட்டுக்குக் கொண்டு போனா, இது எப்படி ஒங்கக்கிட்ட வந்துச்சுன்னு கேப்பா. நீங்களே வச்சுக்கிடுங்க." பின்பு கூறினார்: "இனிமே நாங்க யாரும் அவன் பேரச் சொல்ல முடியாது சார். நானு, தங்கச்சிமாரு, சாமியாரு, யாரும். தொடுறதுக்குக் கம்பு இல்ல. அவ ஒருத்திதான் தெருவுல நின்னு சத்தமாச் சொல்லுதா. அவன் வருவான், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கணும்னு. கேட்டவக எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறாக."

அவர்கள் புறப்பட்டார்கள். படிக்கட்டில் அம்மையார் கணவரின் கையைப் பிடித்து, பார்த்து இறங்கும்படி அதட்டுவது கேட்டது.

ஆறு திங்கள் கழிந்தன. என் வாக்கியம் ஆயத்தப் பிரிவின் கையேட்டில் மாதிரி விடையாக அச்சேறியிருக்கிறது. புதிய அலுவலர்கள் அதன் அமைப்பை வியக்கிறார்கள். அமலோற்பவம் கொரேரா நான்காம் முறையாகத் தேர்தலில் வென்றார். உத்தரியம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நான் அந்தக் கரையைச் சேர்ந்தவனல்லன். அவ்வழக்கம் என்னைக் கட்டாது. எனினும் அந்தப் பெயரை இங்கு எழுத என் கை எழவில்லை.

நேற்று முற்பகல் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நல்லா இருக்கீயளா? ஒரு ஒதவி. பையன் போன் எடுக்க மாட்டேங்கான். அவன் கப்பலு இப்ப எந்தத் துறைமுகத்துல நிக்குன்னு வெளியுறவுல கேட்டுச் சொல்ல முடியுமா? கிறிஸ்மசுக்காவது வருவானான்னு தெரியணும்."

இழுப்பறை பாதி திறந்திருந்தது. அதனை மூடினேன்.

"விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

என் மேசையின் மேல் மெய்காட்டி இல்லை.